அம்பாசடர் இன்ஜினுக்குப் பாகம் வாங்கும் முன்

இன்ஜினை இறக்கிய அன்றைக்கே கடைக்குப் போகாதீர்கள். நான் போனேன். அப்பா வாங்கிய 1978 மாடல் அம்பாசடர் மார்க் 3. திருச்சியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் பிஸ்டன்களை வெளியே எடுத்த அன்று ராத்திரியே சென்னைக்குப் பஸ் ஏறினேன். காலையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை திறக்கும்வரை காத்திருந்து இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பினேன். பிஸ்டன் செட், மெட்டல் (கிராங்க் தண்டு சுழலும் பேரிங் ஓடுகள்), வால்வு, பேக்கிங் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தகடு) எல்லாம் புதுசு. அதில் பாதி என் இன்ஜினுக்கு ஆகவில்லை.

துவாக்குடியில் ஒரு பட்டறையில் இருபது வருஷம் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அளக்காத பொருளை ஏற்காமல் திருப்பி அனுப்புவதுதான் என் தொழில். சொந்தக் காருக்கு வந்ததும் அதை மறந்தது இன்றைக்கும் உறுத்துகிறது. எனக்கு இன்ஜின் வேலை சொல்லிக்கொடுத்த பாய் அந்தப் பைகளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, எதுக்கு வாங்கினீங்க, உங்க இன்ஜினுக்கா, கேட்டலாக்குல இருக்குற இன்ஜினுக்கா?” நான்கு சிலிண்டர் பழைய இன்ஜின் எதைப் பிரித்தாலும் இந்தக் கேள்வி பொருந்தும். கையில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த இன்ஜின் இல்லை. நாற்பது ஐம்பது வருஷத்தில் யார் யாரோ பிரித்து, கடைந்து, மாற்றிப் பூட்டிய இன்ஜின்.

அதன் வம்சத்தைத் தெரிந்துகொண்டால் பாகம் தேட உதவும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் நம் அம்பாசடரின் மூலம். வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை ஓடிய தொழிற்சாலையில் பிறந்தது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தார் ‘பி’ வரிசை என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. 1955-ல் வந்த எம்ஜிஏ என்ற விளையாட்டுக் காரிலும் இதே 1489 சி.சி. இன்ஜின்தான், இரட்டை எஸ்யூ கார்புரேட்டரோடு அங்கே 72 குதிரைத்திறன் வரை கொடுத்தது. எம்ஜி கார்களைப் பராமரிப்பவர்கள் உலகம் முழுக்க இருப்பதால், உள்ளூரில் தீர்ந்துபோன பல பாகங்கள் அந்தப் பெயரில் கிடைக்கின்றன. ஆனால் பெயர் ஒன்று என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. நீளம், விட்டம், மரை மூன்றையும் கேட்டு, கழற்றிய பாகத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

அளவுச் சீட்டு

ஒரு நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி). இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் பிரிக்கும் முன்பே கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரும் கட்டும் அழுத்தம்) பார்த்துக் குறித்துவிடுங்கள். கம்ப்ரஷன் குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ஆயில் பிரஷரையும் நன்றாகச் சூடான பிறகு பார்த்து எழுதுங்கள்.

பிரித்ததும் பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பாருங்கள். என்னுடையதில் 020 என்று பொறித்திருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ‘தவ்’ என்பார்கள்; அப்பா காலத்திலேயே இருபது தவ் போரிங் (சிலிண்டரைக் கடைந்து விரிப்பது) ஆகிவிட்டது என்று அர்த்தம். நான் சென்னையில் வாங்கியதோ ஸ்டாண்டர்டு சைஸ். துணியும் மண்ணெண்ணெயும் எடுத்து ஒரு நிமிஷம் துடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

போரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலுமாக டயல் கேஜால் அளக்க வேண்டும். தேய்மானம் அதிகம் இருப்பது மேல் ரிங் நிற்கும் இடத்தில், குறுக்கு வாக்கில். மேலே வந்த அளவும், ரிங் தொடாத அடி விளிம்பின் அளவும் 0.2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் புது ரிங் மட்டும் போட்டு ஒப்பேற்ற முடியாது. எனக்கு இரண்டாம் சிலிண்டரில் 0.26 வந்தது.

கிராங்கில் மெயின் ஜர்னல் (பிளாக்கில் அமரும் கழுத்து) ஸ்டாண்டர்டு 50.8 மி.மீ., கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) ஜர்னல் 47.6 மி.மீ. இதைவிடக் குறைந்திருந்தால் முன்பே கிரைண்டிங் ஆகியிருக்கிறது. வழக்கமாகப் பத்து, இருபது, முப்பது, நாற்பது தவ் என்று இறங்கும். நாற்பதுக்குக் கீழே மெட்டல் தேடுவது வீண் அலைச்சல்.

பிஸ்டன் கைக்கு வரட்டும், பிறகு போரிங்

நான் செய்த இரண்டாவது தவறு முதல் தவறைவிடப் பெரியது. முப்பது தவ் செட் எளிதாகக் கிடைக்கும் என்று ஒரு லேத் பட்டறையில் சொன்னார்கள். பிளாக்கைக் கொடுத்து முப்பதுக்குக் கடைந்துவிட்டோம். பிறகு கிடைத்த முப்பது செட்டில் கட்ஜன் பின் (பிஸ்டனைக் கன்ராடோடு கோக்கும் முளை) துளையின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம் வேறு. என் இன்ஜினில் கன்ராடின் மேல்முனை ஒரு போல்ட்டால் பின்னைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பு. அந்தச் செட்டின் பின்னோ இரண்டு பக்கமும் கிளிப் போட்டு மிதக்க விடும் வகை. மூன்று மாதம் தேடியும் சரியான முப்பது அமையவில்லை. நாற்பது தவ் செட் ஒன்று, சென்னை செம்பியத்தில் 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸின் பழைய இருப்பு, ஈரோட்டில் ஒரு கடையின் மேல் அலமாரியில் கிடைத்தது. அதற்காக மறுபடி கடைந்தோம். இதோடு என் பிளாக்கின் போரிங் அளவுகள் தீர்ந்தன. அடுத்த முறை ஸ்லீவ் (புதுச் சிலிண்டர் உறை) இறக்கித்தான் ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் செட் வாங்குங்கள். நான்கு பிஸ்டன்களையும் பாவாடைப் பகுதியில், பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரால் அளங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பெட்டி ஒரு சைஸ், உள்ளே வேறு சைஸ் என்பது பழைய இருப்பில் சாதாரணம். ரிங் பள்ளத்தில் ரிங்கைச் சுற்றவிட்டுப் பாருங்கள். பிறகு பிஸ்டன்களை எண் போட்டு பிளாக்கோடு சேர்த்து லேத்தில் கொடுத்து, “ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அதன் போர்” என்று சொல்லுங்கள். இடைவெளி எவ்வளவு என்பதைப் பிஸ்டன் செய்தவர் தாளில் கொடுத்திருப்பார். தாள் இல்லாவிட்டால் அனுபவமுள்ள லேத்காரரிடமே கேளுங்கள். எங்கள் லேத் அண்ணன் 0.05 மி.மீ. வைத்தார். ஹோனிங் (போரின் உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் போரில் ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும்.

ரிங் வாய் இடைவெளிக்கு எளிய கணக்கு உண்டு: போர் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நான்கு தவ். நாற்பது தவ் போருக்கு அது சுமார் 0.30 மி.மீ. ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் பாருங்கள். குறைவாக இருந்தால் அரம் போட்டு விரித்துக்கொள்ளலாம். அதிகமாக இருந்தால் வழியில்லை, வேறு செட்தான்.

போரை விரித்தால் பலம் கூடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் அழுத்தமாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நாற்பது தவ் விரித்த பிறகு என் இன்ஜின் 1489-லிருந்து 1531 சி.சி. ஆனது. நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. போரிங் தேய்மானத்துக்கு மருந்து, அவ்வளவே. பலம் ஹெட்டில் இருக்கிறது. அங்கே பிறகு வருகிறேன்.

எங்கேயாவது நல்ல பிளாக் கிடைத்தால் மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது. அதை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும். பிறந்த பிளாக்கைக் காப்பாற்றவே பாருங்கள்.

கீழ்ப்பாதியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஹெட்டைக் காரிலேயே வைத்து எத்தனை முறையும் கழற்றலாம். கிராங்க் அப்படியில்லை. அதனால் என் மொத்தச் செலவில் பாதியைக் கீழ்ப்பாதிக்கும் லேத்துக்குமே ஒதுக்கினேன். மீண்டும் செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

இந்த இன்ஜினுக்கு மெயின் பேரிங் மூன்றுதான். ஸ்ட்ரோக்கும் நீளம். வேகமாகச் சுழற்றினால் கிராங்க் நடுவில் நெளியும். ஐந்து மெயின் பேரிங் வைத்த பிளாக் இந்தக் குடும்பத்துக்கு 1964-ல்தான், எம்ஜிபி போன்ற கார்களுக்கு வந்தது. ஆகவே நாம் தேட வேண்டியது கீழ் வேகத்தில் இழுவையும் நீண்ட ஆயுளும். அதற்கேற்ற மெட்டலை, நம்பகமான தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். கிரைண்டிங் கொடுக்கும் முன் கிராங்கில் காந்தச் சோதனையால் விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். ஜர்னல் ஓரத்தில் உள்ள வளைவு மூலையை அப்படியே விடச் சொல்லுங்கள். அங்கே கல் சதுரமாக வெட்டிவிட்டால் அந்த மூலையில்தான் கிராங்க் ஒடியும். கிரைண்டிங் முடிந்ததும் எண்ணெய்த் துளைகளில் கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து நீங்களே சுத்தம் செய்யுங்கள். கல் துகள் ஒன்று தங்கினாலும் புது மெட்டலைச் சுரண்டிவிடும்.

நடு மெயினில் இருக்கும் அரை வட்ட த்ரஸ்ட் வாஷரைப் பலர் பழசையே போட்டுவிடுகிறார்கள். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். கிராங்கின் முன்பின் அசைவு 0.05-லிருந்து 0.08 மி.மீ.க்குள் வரும்படி ஓவர்சைஸ் வாஷர் தேர்ந்தெடுங்கள்.

பின்பக்க மெயினிலிருந்து ஆயில் சொட்டுவது இந்த வரிசையின் பிறவிக் குணம். அங்கே ரப்பர் சீல் கிடையாது; கிராங்கில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். விலை கூடிய சீலண்ட் பூசி அடைக்கப் பார்க்க வேண்டாம். மரையைச் சுத்தமாக வைத்து, இன்ஜின் மூச்சுவிடும் குழாயை அடைப்பில்லாமல் வைத்தால் சொட்டு குறையும்.

ஆயில் பம்ப் உள்ளே நட்சத்திர ரோட்டர். மூடியைக் கழற்றி, ரோட்டரின் மேல் நேர்க்கோல் வைத்து ஃபீலர் நுழைத்துப் பாருங்கள். 0.13 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் பம்பை மாற்றுங்கள். டைமிங் செயினை மாற்றும்போது இரண்டு பல் சக்கரத்தையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பணம் அதிகம் செலவாகாத மேம்பாடு ஒன்று சொல்கிறேன். நான்கு பிஸ்டனையும் நான்கு கன்ராடையும் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். என் கன்ராடுகளில் ஒன்றுக்கொன்று ஒன்பது கிராம் வித்தியாசம் இருந்தது. கனமானதின் அடி முனையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இரண்டு கிராமுக்குள் கொண்டுவந்தோம். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்தோம். அம்பாசடரின் கியர் கம்பியில் இருக்கும் அந்த நடுக்கம் பாதிக்குமேல் போய்விட்டது. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, “இன்ஜின் ஓடுதா?” என்று கேட்டார்.

கேமும் டாப்பெட்டும்

கேம் தேய்ந்திருந்தால், அதன் மேல் உரசி ஏறி இறங்கும் டாப்பெட்டையும் மாற்றுங்கள். புதுக் கேமில் பழைய டாப்பெட் போட்டால் ஒரே மாதத்தில் முனை தின்றுவிடும். பழைய கேமைக் கடைந்து தருகிறோம் என்பார்கள்; மேல்தோலின் கடினம் போனபிறகு அது நிற்காது. எம்ஜி கார்களுக்கான சாதாரணச் சாலைக் கேமே நமக்குப் போதும். பந்தயக் கேம் வேண்டாம். கீழ் வேகத்தில் இழுவை போய், ஏர்போர்ட் மேம்பாலத்தில் இரண்டாம் கியருக்கு வர வேண்டியிருக்கும்.

கேம் வாங்கும்போதே ஆயிலையும் யோசியுங்கள். தட்டை டாப்பெட் உரசும் இன்ஜினுக்குத் துத்தநாகம் கலந்த ஆயில் வேண்டும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். நான் விடுவது 20டபிள்யூ-50 மினரல் ஆயில்.

ஹெட்

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஹெட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எரியறை இதய வடிவத்தில் இருக்கும். ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் வடிவமைப்பு. இரண்டு வால்வுக்கும் இடையே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, உள்ளே வரும் கலவையைச் சுழற்றிவிட வைத்தது. போர்ட் வேலை செய்கிறேன் என்று யாராவது அதை அரைத்து எடுக்க வந்தால் ஹெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வார்ப்பின் கரடுமுரடை எடுப்பது, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் படி இல்லாமல் செய்வது, வால்வு மூடும்போது அமரும் சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவது, இந்த மூன்றே போதும்.

எக்ஸாஸ்ட் சீட்டை அவசியம் மாற்றுங்கள். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட்டுக்கு ஈயம்தான் மெத்தையாக இருந்தது. இந்தியா முழுக்க ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அதன்பிறகு நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும். டாப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் காரணம். கடின உலோக வளையத்தை நான்கு எக்ஸாஸ்ட் சீட்டிலும் இறக்கச் சொல்லுங்கள். வால்வுத் தண்டு ஓடும் கைடும் அப்போதே புதுசு. கைடை மாற்றிய பிறகுதான் சீட் வெட்ட வேண்டும். முதலில் சீட்டை வெட்டிவிட்டுப் பிறகு கைடு அடித்தால் மையம் தப்பும்.

அடுத்து கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் அடியில் நிற்கும்போது மேலே உள்ள இடம், உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது. பழைய அம்பாசடருக்கு ஏழுக்கும் எட்டுக்கும் இடையே வைத்திருந்தார்கள். அன்றைய பெட்ரோல் அப்படி. நான் எட்டு வேண்டும் என்று தீர்மானித்தேன். 1531 சி.சி. இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 382.8 சி.சி. எட்டு விகிதத்துக்கு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்ச வேண்டிய மொத்த இடம் 382.8-ஐ ஏழால் வகுத்தால் வரும், 54.7 சி.சி. இதில் பேக்கிங்கின் தடிமன் எடுத்துக்கொள்ளும் இடம் எனக்கு 4.1, பிஸ்டன் பிளாக் மட்டத்துக்குக் கீழே நிற்பதால் 2.2, பிஸ்டன் தலைக் குழி 6. மீதி 42.4 சி.சி.தான் ஹெட்டின் எரியறை இருக்க வேண்டிய அளவு. என்னுடையது 46 இருந்தது.

அளப்பதற்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் பியூரெட் போதும். வால்வும் ஸ்பார்க் பிளக்கும் பூட்டி, ஹெட்டை மட்டமாக வைத்து, துளை போட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, சாயம் கலந்த மண்ணெண்ணெயை இறக்குங்கள். நான்கு அறையும் ஒன்றுபோல் வருகிறதா பாருங்கள். எவ்வளவு ஃபேசிங் (ஹெட் முகத்தைச் சீவுவது) எடுப்பது என்று தெரியத் தகட்டை எடுத்துவிட்டு 42.4 சி.சி. மட்டும் ஊற்றுங்கள், ஹெட் முகத்திலிருந்து திரவ மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அதுதான் வெட்ட வேண்டிய உயரம். எனக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் வந்தது. வெட்டிய அளவுக்குப் புஷ் ராடு (டாப்பெட்டின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பி) நீண்டதுபோல் ஆகும் என்பதால், வால்வை அழுத்தும் ராக்கரைத் தாங்கும் கால்களின் அடியில் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஹெட் பேக்கிங் வாங்கும்போது செம்பு, கிராஃபைட் எதுவானாலும் சரி. போர் விளிம்பு வளையம் உங்கள் புதுப் போரைவிடப் பெரிதா என்று வைத்துப் பாருங்கள். நாற்பது தவ் போரில் ஸ்டாண்டர்டு பேக்கிங் உள்ளே நீட்டினால் எரிந்துபோகும்.

கார்புரேட்டர், தீப்பொறி, தண்ணீர்

என் காரில் சோலெக்ஸ் இருந்தது. இரட்டை எஸ்யூ அழகுதான். இரண்டையும் சமன்செய்து வைத்திருக்க ஊரில் கை வேண்டும். நான் ஒற்றை ஒன்றரை அங்குல எஸ்யூ வைத்தேன். அதைச் சரிப்படுத்தும் பொறுமை எனக்கே உண்டு. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், மிதவை ஊசியின் முனை எல்லாம் இதில் ஊறிப்போகும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரு துண்டு விடாமல் மாற்றுங்கள். பழைய ஊசி அளவில் கலவை மெலிந்து ஓடும் என்பதால் ஒரு படி கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆடினால் எந்த எலெக்ட்ரானிக் கிட்டும் பயன்தராது. முதலில் புஷ் மாற்றி, எடைகளின் ஸ்பிரிங்கைப் பார்த்து, பிறகு கிட் போடுங்கள். நான் பாயின்ட் செட் ஒன்றையும் டிக்கியில் வைத்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெயில் ஊருக்கு அது எதற்கு என்பார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் சீக்கிரம் தேயும். சூடு ஏறுவதற்கு உண்மையான காரணம் பிளாக்குக்குள் உறைந்த துருச் சேறு. பக்கவாட்டு மூடிகள் எல்லாவற்றையும் கழற்றி, நான்காம் சிலிண்டர் பின்புறம் கம்பி விட்டுக் கிளறுங்கள். எனக்கு அரை வாளி வந்தது.

பூட்டிய பிறகு

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை செல்ஃபில் சுற்றுங்கள். பிடித்துக்கொண்டதும் ஐடிலில் விடாதீர்கள். புதுக் கேமுக்காக இருபது நிமிஷம் 2000 சுற்றில் வையுங்கள். கேம் முனைகளுக்கு ஆயில் தெறித்துப் போவது அந்த வேகத்தில்தான்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் நட்டுகளை மேனுவல் வரிசைப்படி மறுபடி இறுக்குங்கள். அதன்பிறகு டாப்பெட் இடைவெளி. குளிர்ந்த இன்ஜினில் 0.38 மி.மீ. எதை எப்போது வைப்பது என்பதற்குப் பாய் சொன்ன ஒன்பது கணக்கு: எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, ஏழு திறந்திருக்கும்போது இரண்டு, ஆறு என்றால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. எக்ஸாஸ்ட் நான்கின் அளவையும் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 5000 கிலோமீட்டரில் மறுபடி பார்த்து, குறைந்திருந்தால் சீட் வேலை செய்த பட்டறைக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.